மாடல் ரயிலைச் சுற்றி நிலமும் ரோடும்: முதலில் தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள்

நீங்கள் ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் எச்.ஓ. (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, அதாவது 1:87 அளவு) தண்டவாளம் போட்டு ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் எண்பதுகளில் இருந்த கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஸ்டேஷனாகச் செய்ய ஆசை. கறுப்புச் சார்ட் பேப்பரை வெட்டி ஒட்டிய ரோடு ரோடு மாதிரியே இல்லை. மலைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதுமா, புல் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள்களின் பட்டியல் கேட்பதுபோல் இருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று எனக்குப் படுகிறது. ரயில் நிஜம்போல் இருக்கிறது, நிலம் மட்டும் ஏன் பொம்மைபோல் இருக்கிறது என்பதுதான் அது. அதற்குப் பதில் சொல்கிறேன். என்ன பொருள் வேண்டும் என்பது போகிற போக்கில் வந்துவிடும்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருடம் ரோடு போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் தென்மாவட்டங்களில்தான். மாடல் ரயில் இருபது வருடப் பழக்கம். வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த ஓவர்சீயர் ஒருவர், ரோட்டைப் பார்க்காதே, தண்ணீரைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மழைத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எப்படிக் கடந்து போகிறது என்று தெரிந்தால் ரோடு எங்கே உயர வேண்டும், பாலம் எங்கே வேண்டும், ஓரம் எங்கே உடையும் என்பது தானாகத் தெரியும். மாடலுக்கும் இதுதான் சரி என்பதைப் பல வருடம் கழித்துத்தான் கண்டுகொண்டேன். பலகையில் பொம்மைத்தனம் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த நிலத்தில் மழையே பெய்யாதது போல் இருப்பதுதான். எல்லாம் ஒரே மட்டம். ரோடு தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். ஓடை எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றுவிடும்.

ஆகவே பசையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுத்துப் பலகை மேல் அம்புக்குறி போடுங்கள். கோவில்பட்டிப் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. வைப்பாறும் அப்படித்தான் ஓடுகிறது. ரயில் பாதையோ வடக்கு தெற்காகப் போகிறது. அப்படியானால் மேற்கே பெய்த மழை ரயில் பாதையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கே ஒரு சின்னப் பாலம் வந்துவிட்டது. பாதைக்கான மேட்டை எழுப்ப அந்தக் காலத்தில் பக்கத்திலேயே மண் வெட்டினார்கள். அதனால் பாதையோடு கூடவே நீளநீளமான பள்ளங்கள் கிடக்கும். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நின்று கோரை முளைத்திருக்கும். ரயிலில் போகும்போது ஜன்னலுக்குக் கீழே இதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் சேரும் தாழ்வில் கண்மாய், கண்மாய்க்குக் கரை, கரைமேல் வரிசையாகப் பனை. ஓர் அம்புக்குறியிலிருந்து பாதி நிலக்காட்சி வந்துவிட்டது. எதையும் அழகுக்காகத் தேடிப்பிடித்து வைக்க வேண்டியதில்லை.

உங்கள் பலகை தட்டையாக இருப்பது ஒரு சிக்கல்தான், ஆனால் தீர்க்கக்கூடியது. தண்டவாளத்துக்கு அடியில் 6 மி.மீ. கார்க் இல்லையென்றால் கொடுங்கள். ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை), தண்டவாளக் கம்பி எல்லாம் சேர்ந்து பாதை ஏறக்குறைய 10 மி.மீ. உயர்ந்து நிற்கும். இன்னொன்று, ஓடை கடக்கிற இடத்தில் மட்டும் பாதைக்கு இருபுறமும் பிளைவுட்டை அறுத்தெடுத்துவிட்டு, 4 செ.மீ. கீழே வேறொரு துண்டைத் திருகுங்கள். பாதைக்கு நேர் கீழே உள்ள பட்டையை மட்டும் அப்படியே விடுங்கள், அதற்கு அடியில் ஒரு மரச்சட்டம் தாங்கட்டும். 1:87 அளவில் 4 செ.மீ. என்றால் மூன்றரை மீட்டர் ஆழம். இந்த ஒரு பள்ளம் மொத்தப் பலகையின் தட்டைத்தனத்தையும் மறக்கடிக்கும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். ஆறடி என்பது 183 செ.மீ.; 87-ஆல் பெருக்கினால் சுமார் 159 மீட்டர். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) பெட்டி ஒன்று ஏறக்குறைய பத்தொன்பதரை மீட்டர் நீளம். எட்டுப் பெட்டி ரயில் நின்றால் உங்கள் உலகம் முடிந்துவிடும்! ரயில்வே கேட்டுக்கு முன்னால் விசில் அடிக்கச் சொல்லும் மஞ்சள் பலகை நிஜத்தில் 600 மீட்டர் தள்ளி நிற்கும். உங்களுக்கு அது ஏழு மீட்டர், அறைச் சுவரையே தாண்டிவிடும். ஆகவே தூரத்தையெல்லாம் சுருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அகலத்தையும் உயரத்தையும் சுருக்காதீர்கள். ரோட்டின் அகலம், கதவின் உயரம், மரத்தின் உயரம் இவற்றைக் கண் உடனே ரயிலோடு ஒப்பிட்டுவிடும். (எச்.ஓ.வின் 16.5 மி.மீ. தண்டவாளம் மீட்டர் கேஜுக்கு அகலம் அதிகம், சரியான அளவு 12 மி.மீ. என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஸ்லீப்பர்களை மண்ணில் பாதி புதைத்துவிட்டால் அது அவ்வளவாகக் கண்ணில் படாது. அதற்காகப் போட்ட பாதையைப் பிடுங்க வேண்டாம்.)

மலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூலையில் மலை, அதில் குகை என்பது ஐரோப்பிய மாடல்களைப் பார்த்து வந்த பழக்கம். அங்கே வளைவை மறைக்க அது உதவியது. கரிசல்காட்டின் அழகே தூரம்வரை திறந்து கிடப்பதுதான். மேற்குத்தொடர்ச்சி மலையைப் பின்னால் நிற்கும் பலகையில் மங்கிய நீலக் கோடாக, வானத்தைவிட ஒரே ஒரு பிடி அடர்த்தியாகத் தீட்டினால் போதும். ரயில் திரும்பும் வளைவைக் கண்மாய்க் கரைக்குப் பின்னால் மறையுங்கள். கரை 5 செ.மீ. உயரம், அதன்மேல் பனை வரிசை. ரயில் மரங்களுக்கிடையே விட்டுவிட்டுத் தெரியும். கரை செய்யப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும்: எக்ஸ்.பி.எஸ். ஷீட் (கெட்டியான நுரை அட்டை) அல்லது தெர்மாகோலைச் செதுக்கி, அதன்மேல் பேண்டேஜ் துணியைப் பிளாஸ்டரில் தோய்த்து இரண்டு அடுக்கு போடுங்கள். பிளாஸ்டரைக் கலக்கும்போதே கொஞ்சம் காவிப் பொடியோ கறுப்புப் பொடியோ சேர்த்துவிடுங்கள், பின்னால் எங்காவது இடித்து உடைந்தாலும் வெள்ளை தெரியாது. மைதாப் பசையில் காகிதம் ஒட்டி மேடு செய்வதாக இருந்தால் பைண்டிங் கடைக்காரர்கள் போல மயில்துத்தம் சேர்க்காமல் செய்யாதீர்கள், பூச்சி அரித்துவிடும். மயில்துத்தம் விஷம்; குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் மைதாவே வேண்டாம், ஃபெவிகாலே நல்லது.

இப்போது ரோடு. உங்கள் சார்ட் பேப்பர் ஏன் தோற்றது என்றால், அது அகலம் அதிகம், தட்டை, கறுப்பு, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேர். நாலும் தப்பு. நம் நாட்டில் ஒற்றை வழி (ஒரு வண்டி போகிற அகலம்) ரோட்டின் தார்ப் பகுதி 3.75 மீட்டர், 1:87-ல் 43 மி.மீ. இரட்டை வழி 7 மீட்டர், அதாவது 80 மி.மீ. எண்பதுகளில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போகும் ரோடு கண்டிப்பாக ஒற்றை வழிதான். 43 மி.மீ. பார்க்க மிகக் குறுகலாகத் தெரியும். நம்புங்கள், இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் போனது.

அடுத்தது கேம்பர். நடு உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருப்பது தண்ணீர் வடிவதற்காக. தார் ரோட்டுக்கு இரண்டரை சதவீதம் வரை சரிவு கொடுப்போம். ஒற்றை வழிக்குக் கணக்குப் போட்டால் மாடலில் அரை மி.மீ. கூட வராது என்று நினைப்பீர்கள். ஏறக்குறைய அரை மி.மீ. வரும். நான் ஒரு மி.மீ. கொடுப்பேன், அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் நிழல் விழுந்து வளைவு தெரியும். 3 மி.மீ. சன்போர்டில் (இலேசான பிளாஸ்டிக் நுரை அட்டை) 43 மி.மீ. அகலத்துக்குப் பட்டை வெட்டி, அடியில் நடுவே ஒரு காகித அட்டைக் கீற்றை ஒட்டிப் பலகையில் பதியுங்கள், ஓரங்கள் தாமே தாழும். மேலே வால் புட்டியைக் குழைத்து மெல்லப் பூசுங்கள். நாங்கள் வேலையிடத்தில் கேம்பர் போர்டு என்று ஒரு வளைந்த பலகை வைத்திருப்போம். அதையே பழைய ஏ.டி.எம். கார்டில் வெட்டிக்கொள்ளுங்கள், ஈரப் புட்டியின்மேல் அதை ஒரே இழுப்பாக இழுத்தால் ரோடு வந்துவிடும். காய்ந்ததும் நைஸ் உப்புத்தாள். மழமழவென்று தேய்க்க வேண்டாம், கொஞ்சம் சொரசொரப்பு இருக்கட்டும்.

நிறத்துக்கு வருவோம். தார் ரோடு கறுப்பாக இருப்பது போட்ட புதிதில் மட்டும்தான். வெயிலில் தார் வெளுத்து, மேல்பூச்சு தேய்ந்து, உள்ளிருக்கும் ஜல்லி வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு ரோட்டின் நிறம் என்பது கல்லின் நிறம், அதன்மேல் அந்த ஊர் மண்ணின் தூசி. அதனால் சாம்பல் நிறத்தில் வெள்ளையும் ஒரு துளி பழுப்பும் கலந்து அடியுங்கள். கறுப்பு டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பிறகு அதே நிறத்தைச் சற்று அடர்த்தியாக்கி, அங்கங்கே ஒழுங்கில்லாத சதுரமாகப் பேட்ச் வேலை போடுங்கள். பேட்ச் எங்கே வரும் என்றால் தண்ணீர் நிற்கிற இடத்தில்: பாலத்தின் இரு முனைகளிலும், ரயில்வே கேட் ஏற்றத்தின் அடிவாரத்திலும். ரோடு முழுக்கச் சமமாகக் குழிகளைத் தூவினால் அம்மை போட்டதுபோல் இருக்கும்.

ஓரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம், பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவதும் அங்கேதான். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நேரடியாக ரோடு போட்டால் நிற்காது என்பதால் வெளியிலிருந்து சரள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல்தான் கப்பியும் தாரும். அந்தச் சரள் இரண்டு பக்கமும் ஓரமாக நீண்டிருக்கும். ஆகவே கரிசல்காட்டு ரோட்டில் மூன்று நிறம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்: நடுவே வெளுத்த சாம்பல், இரு பக்கமும் செம்பழுப்பு, அதற்கப்பால் கரிசல். இந்த மூன்று பட்டையை மட்டும் சரியாகச் செய்தாலே தெற்கத்தி ஆள் ஒருவர் வந்து பார்த்து இது எங்கள் ஊர்ப்பக்கம் என்று சொல்லிவிடுவார். சரள் பட்டைக்கு 15 முதல் 20 மி.மீ. அகலம் விடுங்கள். அது தார் விளிம்பின்மேல் சில இடத்தில் ஏறியும், சில இடத்தில் தார் கடித்தெடுத்ததுபோல் உடைந்தும் இருக்கட்டும். இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிகள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் போயின, ஆகவே அங்கே இரண்டு தடம் பதியுங்கள். நடுக்கோடு போடாதீர்கள், அந்தக் காலத்து ஊர் ரோட்டில் கோடு கிடையாது. அறுவடை மாதமாக வைத்தால், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் காயப்போட்ட சோளக்கதிரைப் பாதி அகலத்துக்குப் பரப்பலாம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

ரயில்வே கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தவறு செய்தால் ரயில் கவிழும். பாதை 10 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, ரோடு அதற்கு ஏற வேண்டும். இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றம் கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. நீளம் தேவை. அதைவிடச் செங்குத்தாக்கினால் மாட்டுவண்டி ஏறத் திணறும், உங்கள் கண்ணும் ஏற்காது. தண்டவாளங்களுக்கு நடுவே ரோட்டின் மட்டம் தண்டவாளக் கம்பியின் தலையைவிட அரை மி.மீ. தாழ்ந்தே இருக்கட்டும். சமமாக வைத்தால் தண்டவாளம் துடைக்கும்போதெல்லாம் ரோடு உரியும், சில இன்ஜின்களின் அடிப்பாகமும் தட்டும். தண்டவாளக் கம்பியின் உள்பக்கம் சக்கர விளிம்பு போவதற்கு ஒன்றேகால் மி.மீ. இடைவெளி வேண்டும். புட்டியை அங்கே ஊற்றிவிட்டுப் பிறகு கீறுவதைவிட, அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு துண்டை வெட்டி நடுவில் பொருத்துவது நல்லது. ஒட்டுவதற்கு முன் உங்களிடமுள்ள எல்லா இன்ஜினையும் பெட்டியையும் இரண்டு திசையிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

மண்ணுக்கு மண்தான். கரிசல் மண்ணையே கொண்டுவந்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். சலித்த மண்ணைக் காகிதத்தில் பரப்பி, பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் பலமுறை ஓட்டுங்கள். இதைத் தவறவே விடாதீர்கள். என் முதல் பலகையில் நான் இதைச் செய்யவில்லை, மண்ணிலிருந்த இரும்புத்துகள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டு நல்ல இன்ஜின் ஒன்று வீணாகிப்போனது. காய்ந்த கரிசல் முழுக் கறுப்பு இல்லை, பழுப்புச் சாம்பல். ஃபெவிகால் பட்டால் கொஞ்சம் அடர்ந்துவிடும், ஆகவே கடைசியாக ஒரு பிடி காய்ந்த மண்ணை மேலே தூவிவிடுங்கள். கோடை வெடிப்பு வேண்டுமென்றால் மண்ணைக் கூழாகக் கரைத்து மிக மெல்லியதாகப் பூசுங்கள், காயும்போது தானே வெடிக்கும். தடிமனாகப் பூசினால் வெடிப்பும் பெரிதாகி அளவு கெட்டுவிடும்.

ஆனால் கோடை வேண்டுமா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். கரிசலில் மானாவாரிதான். புரட்டாசியில் விதைப்பு, கார்த்திகை மார்கழியில் காடு முழுக்கப் பச்சை, தை மாசியில் அறுப்பு, பங்குனிக்குப் பிறகு வெறும் மண். கண்மாயில் தண்ணீர் நிறைந்திருந்து காடு வெடித்துக் கிடந்தால் அந்த நிலம் பொய் சொல்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தை மாதத்தை எடுத்துக்கொள்வேன்: கண்மாயில் பாதித் தண்ணீர், சோளத்தட்டை வைக்கோல் நிறத்தில், ஓடையோரம் மட்டும் பச்சை.

புல்லைப் பற்றிக் கேட்டீர்கள். நிலைமின்சாரத்தால் நிமிர்ந்து நிற்கும் நைலான் புல் வெளிநாட்டுப் புல்வெளிகளுக்கு அற்புதமானது, ஆனால் கரிசலுக்கு அவ்வளவு புல் தேவையில்லை. சணல் கயிற்றைப் பிரித்து 4 முதல் 6 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் முழங்கால் உயரக் காய்ந்த புல் தயார். சீமைக் கருவேலத்துக்குக் காய்ந்த துளசிக் கிளையும், ஸ்பாஞ்சைத் துணி பெயிண்டில் முக்கிப் பழைய மிக்ஸி ஜாரில் அரைத்த தூளும் போதும். மங்கிய பச்சையாக, கொஞ்சம் சாம்பல் ஓடியதாக இருக்கட்டும். மரங்களின் உயரத்தில் மட்டும் துணிச்சல் வேண்டும். வளர்ந்த பனை 20 மீட்டர் இருக்கும். மாடலில் 23 செ.மீ. ரோட்டோரப் புளியமரம் 15 மீட்டர் என்றாலும் 17 செ.மீ. கடையில் கிடைக்கும் 8 செ.மீ. மரங்களை நட்டால் ரயில் பூதம்போல் தெரியும். பனைக்கு 5 மி.மீ. மரக்குச்சி, நேராக, கருஞ்சாம்பல் நிறத்தில். மட்டைக்குக் காகிதத்தை விசிறிபோல் மடித்து வெட்டுங்கள். புளியமரத்தின் அடியில் நெடுஞ்சாலைக்காரர்கள் அடிக்கும் வெள்ளைப் பட்டையை மறந்துவிடாதீர்கள்.

ஜல்லி எல்லாம் கடைசியில்தான். நிஜத்தில் 50 மி.மீ. ஜல்லி, 1:87-ல் அரை மி.மீ.யைச் சற்றே தாண்டும். சலித்த ஆற்றுமணலே போதும், கடல் மணல் வேண்டாம், உப்பு அரிக்கும். இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த தண்ணீரை மேலே தெளித்துவிட்டு, ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து சொட்டுச்சொட்டாக விடுங்கள். பாயின்ட் (ரயில் தடம் மாறும் அமைப்பு) நகரும் இடத்துக்குப் பக்கத்தில் பசையைக் கொண்டுபோகாதீர்கள்.

அகலம், சரிவு, இடைவெளி, காந்தம் பற்றிச் சொன்னதெல்லாம் கணக்கோடும் அனுபவத்தோடும் சொன்னவை, அப்படியே நம்பலாம். நிறத்தை எவ்வளவு வெளுக்கச் செய்வது என்பது அப்படியல்ல. உங்கள் அறை வெளிச்சத்தைப் பொறுத்தது. ஒரு கையகல அட்டையில் அடித்து, பலகை இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். கண்மாய்த் தண்ணீருக்கு நான் இதுவரை செய்தது மண் நிறத் தரையின்மேல் பளபளப்பு வார்னிஷ் ஐந்தாறு பூச்சு மட்டும்தான். எபாக்சி ரெசின் ஊற்றியவர்கள் யாராவது சொன்னால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள். நிஜ மண் ஒட்டிய என் பலகை மதுரையின் வறண்ட காற்றில் பதினோரு வருடமாக நன்றாக இருக்கிறது. கடலோர ஊரில் நீங்கள் இருந்தால் பலகையின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ரோட்டை ஒட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சன்போர்டுப் பட்டையையும் கேட் ஏற்றத்தையும் சும்மா வைத்துவிட்டு, ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா ரோட்டைத் தொடுகிறாற்போல் வைத்து ஒரு படம் எடுங்கள். கேட் மூடியிருக்கும்போது முதலில் நிற்கிற வண்டிக்காரர் பார்க்கும் உயரம் ஏறக்குறைய அதுதான். அந்தப் படத்தையும், அம்புக்குறி போட்ட பலகையின் படத்தையும் இங்கே போடுங்கள். தண்ணீர் எங்கே தேங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.